ஊருணியில் ஒரு குறி, கலுங்கில் ஒரு காவல்: செட்டிநாட்டு ஊர்கள் பேரிடருக்கு முந்திக்கொள்ளும் முறை

செட்டிநாட்டில் வறட்சி சொல்லிவிட்டுத்தான் வரும். வைகைத் தண்ணீர் எட்டாத மேட்டுச் செம்மண் பூமி இது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிற மழைதான் பாசனக் கண்மாயை நிரப்பும், குடிநீர் ஊருணியை நிரப்பும். மார்கழி பிறக்கும்போது எவ்வளவு நிற்கிறதோ, ஏறக்குறைய அதை வைத்துத்தான் அடுத்த ஐப்பசி வரை ஓட்ட வேண்டும். நடுவில் கோடை மழையும் ஆவணி மழையும் கைகொடுத்தால் அது கூடுதல் வரவு.

2016இல் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்ற அறிவிப்பு 2017 ஜனவரி 10 அன்று வந்தது. ஊருணிப் படியில் நின்று பார்த்தவர்களுக்கு அது டிசம்பர் முதல் வாரமே தெரிந்த செய்தி. அந்த ஐந்து வாரத்தில் செய்திருக்கக்கூடிய வேலைகளைத்தான் இங்கே ‘முன்கூட்டிய நடவடிக்கை’ என்கிறோம். மாடு விற்பவர் நல்ல விலைக்கு விற்றிருப்பார், தீவனச் சோளம் விதைத்திருக்கலாம், ஊருணியில் மாடு இறங்காமல் வேலி கட்டியிருக்கலாம். எல்லாமே சின்ன வேலைகள்தான், ஆனால் பிப்ரவரியில் செய்தால் பயன் இல்லை.

இதற்கு மூன்று சரக்கு வேண்டும்: எந்த அளவைத் தாண்டினால் வேலை தொடங்கும் என்ற ஒரு குறி, அந்தக் குறிக்கு யார் என்ன செய்வது என்று முன்பே எழுதிய வேலைப் பட்டியல், அதற்கென ஒதுக்கிக் கட்டிவைத்த பணம். உலக அளவில் பெரிய அமைப்புகள் செய்வதும் இதுவேதான். 2020 ஜூலையில் வங்கதேசத்தில் ஜமுனா ஆறு பெருகும் என்ற முன்கணிப்பு வந்ததும், ஐ.நா.வின் மத்திய அவசர நிதியிலிருந்து 52 லட்சம் டாலர் வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே வெளியே வந்தது. ஒரு அமைப்பு குடும்பங்களுக்குப் பணம் அனுப்பியது, இன்னொன்று மாட்டுத் தீவனமும் தண்ணீர் புகாத பீப்பாய்களும் கொடுத்தது. யார் எதைச் செய்வது என்று வெள்ளத்துக்கு முன்பே பேசி முடித்திருந்ததால்தான் அது நடந்தது. ஒரு கிராமத்தில் இதைச் செய்ய டாலர் தேவையில்லை. 150 தலைக்கட்டு (வரி கட்டும் குடும்பம்) உள்ள ஊர் போதும்.

முதலில் ஊருணியை அளந்துகொள்ளுங்கள்

கணக்கு இல்லாமல் குறி வைக்க முடியாது. நீளம் 40 மீட்டர், அகலம் 40 மீட்டர், சராசரி ஆழம் 2 மீட்டர் தண்ணீர் நிற்கிற ஒரு ஊருணியை எடுத்துக்கொள்வோம். 40 × 40 × 2 = 3,200 கன மீட்டர், அதாவது 32 லட்சம் லிட்டர். கேட்கும்போது கடல் மாதிரி இருக்கும்.

இப்போது செலவைப் பாருங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர் என்றால், 400 பேர் உள்ள ஊருக்கு நாளுக்கு 4,000 லிட்டர். வெயில் குடிப்பது அதைவிட அதிகம். இந்தப் பக்கத்து வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகப் போகிறது என்று வைத்தாலும், 1,600 சதுர மீட்டர் பரப்பில் அது 8,000 லிட்டர். ஊர் குடிப்பது ஒரு பங்கு, சூரியன் குடிப்பது இரண்டு பங்கு. மொத்தம் நாளுக்கு 12,000 லிட்டர்.

அடியில் ஒரு முப்பது சென்டிமீட்டர் சேறு, அது குடிக்க ஆகாது. அதைக் கழித்தால் ஜனவரி 1 அன்று 2 மீட்டர் நிற்கிற ஊருணி 226 நாள் தாங்கும், ஆகஸ்ட் நடுப்பகுதி வரை. அதே நாளில் 1 மீட்டர்தான் நிற்கிறது என்றால் 93 நாள். ஏப்ரல் முதல் வாரம், சித்திரை பிறக்கும் முன்பே சேறு தெரியும். ஊருணி கீழே போகப் போகக் குறுகும் என்பதால் உண்மைக் கணக்கு இன்னும் கொஞ்சம் குறையும். உங்கள் ஊருணியின் நீள அகலத்தைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அரை மணி நேர வேலை.

அளந்த பிறகு படித்துறையில் நின்றால் தெரிகிற மாதிரி ஒரு குத்துக்கல் நடுங்கள். தரையில் சிமெண்ட் போட்டு ஊன்றி, அடியிலிருந்து பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. ஒரு மீட்டரில் சிவப்புக் கோடு, ஒன்றரை மீட்டரில் மஞ்சள். பெயிண்ட் மட்டும் அடித்தால் இரண்டு வருஷத்தில் பாசி தின்றுவிடும். உளியால் கொத்தி அதன்மேல் பெயிண்ட் அடியுங்கள். கல்லை ஓரச் சரிவில் நடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. அப்படி நட்டால், நடுவில் இன்னும் ஒரு மீட்டர் நிற்கும்போதே கல் காய்ந்து நிற்கும், அதை யாரும் நம்ப மாட்டார்கள். ஆழமான இடத்திலேயே நட வேண்டும், கோடைக் கடைசியில்.

மழையையும் அளக்க வேண்டும். செங்குத்தான பக்கம் உள்ள எந்த டப்பாவும் மழைமானிதான். மேல்வாயும் அடியும் ஒரே அகலமாக இருந்தால், உள்ளே நிற்கிற உயரமே மழையின் அளவு. பள்ளிக்கூட மொட்டை மாடியில், மரநிழல் விழாத இடத்தில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். வானிலை ஆய்வு மையமும் அதே நேரத்தில்தான் அளக்கிறது, ஒப்பிட வசதி.

வறட்சிக்கு மூன்று தேதி

அக்டோபர் 31, நவம்பர் 30, ஜனவரி 1. இந்த மூன்று நாளிலும் யாரையும் கேட்காமல் மூன்று பேர் போய் அளக்க வேண்டும்: ஊராட்சி செயலர், கண்மாய்ப் பாசனத்தார் ஒருவர், மகளிர் குழு ஒருவர். மூவரும் கையெழுத்துப் போட்ட தாள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படும்.

அக்டோபர் 31இல் அந்த மாதத்து வழக்கமான மழையில் பாதிகூட இல்லையென்றால், செலவில்லாத வேலைகள் மட்டும் தொடங்கட்டும். வரத்துக்கால்வாயில் அடைப்பு எடுப்பது, ஊருணிக்கு வரும் வாய்க்காலில் குப்பை வழிப்பது, பயிர்க் காப்பீட்டுக்கு எல்லோரையும் சேர்ப்பது. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசி மூன்று நாளில் இணையதளம் இழுக்கும், அடங்கல் வாங்கக் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்தில் கூட்டம் நிற்கும். அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தக நகல் நான்கையும் அக்டோபரிலேயே கட்டிவைத்தவருக்குக் கவலையில்லை.

நவம்பர் 30இல் கண்மாய் பாதிக்குக் கீழே நின்றால் முடிவு கடினமானது. எல்லா வயலுக்கும் தண்ணீர் கொடுக்கப் பார்த்தால் ஒரு வயலும் கரைசேராது. கடைமடையில் எவ்வளவு ஏக்கரை விடுவது, விட்டவர்களுக்கு விளைச்சலில் எவ்வளவு பங்கு கொடுப்பது என்று ஆவணியிலேயே பேசி எழுதிவைத்தால், அன்று சண்டை வராது. அன்றைக்குக் கூட்டம் போட்டுப் பேசினால் கட்டாயம் வரும். புழுதி விதைப்பு (மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைப்பது) செய்கிறவர்கள் ரகத்தையும் விதைக்கும் முன்பே யோசிக்க வேண்டும். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் தந்த அண்ணா (ஆர்) 4 ரகம் 100 முதல் 105 நாளில் வந்துவிடும், வறட்சியையும் தாங்கும். இன்னும் விதைக்காத புன்செய்க்கு உளுந்து, குதிரைவாலி, தீவனச் சோளம்.

தீவனச் சோளத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தண்ணீர் இல்லாமல் வாடிய இளம் சோளப் பயிரில் நஞ்சு ஏறியிருக்கும். முழங்கால் உயரத்தில் காய்ந்து நிற்கிற பயிரில் பசியோடு மாட்டை இறக்கிவிட்டால், வயிறு நிறையும் முன்பே மூச்சுத் திணறி விழும். பூத்த பிறகு அறுத்து, வாடவைத்துப் போடுங்கள். வறட்சி வருஷத்தில் தீவனத்துக்காக விதைத்த பயிரே மாட்டைக் கொல்வது இப்படித்தான்.

ஜனவரி 1இல் ஊருணியில் சிவப்புக் கோடு தெரிந்தால் அன்றே நான்கு வேலை. மாடு இறங்காமல் முள்வேலி. துணி துவைப்பதற்கும் குளிப்பதற்கும் வேறு இடம். மேல்நிலைத் தொட்டிக்கான ஆழ்துளைக் கிணறு, மோட்டார் இரண்டையும் சோதிப்பது. லாரித் தண்ணீர் தேவைப்படும் தேதியைக் கணக்கிட்டு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுத்தில் கொடுப்பது. “தண்ணீர் இல்லை” என்று ஏப்ரலில் எழுதுகிற மனுவைவிட, “எங்கள் கணக்குப்படி ஏப்ரல் 4இல் தீரும், மார்ச் 25 முதல் நாளுக்கு 4,000 லிட்டர் வேண்டும்” என்று ஜனவரியில் எழுதுகிற மனுவுக்கு அலுவலகத்தில் மரியாதை வேறு.

வைக்கோலுக்கும் அப்போதே வழி செய்ய வேண்டும். ஒரு பெரிய மாட்டுக்கு நாளுக்கு 6 கிலோ என்று வைத்தால் 120 நாளுக்கு 720 கிலோ. படப்பில் இருப்பது போதாதென்றால் யூரியா தெளித்துச் சத்தேற்றலாம்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 60 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் போகாமல் மூடி 21 நாள். அளவு கூடினாலோ, கரையாத குருணை தங்கினாலோ மாடு செத்துவிடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடவே கூடாது. பிரித்ததும் ஒரு மணி நேரம் ஆறவைத்துப் போடுங்கள்.

தூர் எடுப்பதில் கைவைக்கும் முன்

இதே வறட்சியைத்தான் வளர்ச்சி வேலைக்குப் பயன்படுத்த வேண்டும். மாசி முதல் ஆனி வரை ஊருணியும் கண்மாயும் காய்ந்து கிடக்கும் காலம். நூறு நாள் வேலை என்று நாம் சொல்கிற ஊரக வேலைத் திட்டத்தில் வரத்துக்கால்வாய், ஊருணித் தூர் இரண்டையும் சேர்க்கக் கிராம சபைத் தீர்மானம் வேண்டும். அந்த ஆண்டு வேலைப் பட்டியல் முடிவாகும் முன்பே எழுதிவிடுவது நல்லது. விவசாயிகள் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி: நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90. ஊர் வேலையும் நடக்கும், வயலுக்கு உரமும் சேரும், பிழைப்பில்லாத மாதத்தில் கூலியும் கிடைக்கும். நிவாரணத்தையும் வளர்ச்சியையும் ஒன்றாகக் கட்டுவது என்று கருத்தரங்குகளில் பேசுவது இதைத்தான்.

ஊருணியை அகலப்படுத்தாதீர்கள், நடுவை ஆழப்படுத்துங்கள். மேலே சொன்ன 32 லட்சம் லிட்டரை 800 சதுர மீட்டர் பரப்பில் 4 மீட்டர் ஆழமாக நிறுத்தினால் ஆவியாவது 8,000இலிருந்து 4,000 ஆகப் பாதியாகும். ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும். பழைய ஊருணிகளின் அடியில் களிப்படுகை இருக்கும். அதன் கீழே செம்புறாங்கல்லும் சரளையும். ஜேசிபி டிரைவருக்கு லோடு கணக்குத்தான் கணக்கு. களியைக் கிழித்துச் சரளை தெரிகிற வரை தோண்டிவிட்டால், அந்த ஊருணியில் அப்புறம் தண்ணீர் நிற்காது. முதலில் கடப்பாரையால் ஐந்து இடத்தில் குழி தோண்டி, களி எத்தனை அடி என்று பாருங்கள். குறைந்தது ஒன்றரை அடி களியை மிச்சம் வைத்து நிறுத்துங்கள். யாராவது ஒருவர் இயந்திரத்தின் பக்கத்திலேயே நிற்க வேண்டும், டீக்கு ஆள் போனால்கூட.

கண்மாய்க் கரை: ஒரு ராத்திரியில் நடக்கிற பேரிடர்

வறட்சிக்கு நான்கு மாதம் அவகாசம் உண்டு, கண்மாய் உடைப்புக்கு நாலு மணி நேரம் கிடைத்தாலே அதிகம். செட்டிநாட்டுக் கண்மாய்கள் சங்கிலி மாதிரி. மேல்கண்மாய் நிரம்பி வழிகிற தண்ணீர் மறுகால் பாய்ந்து கீழ்க்கண்மாய்க்கு வரும். மேலே ஒன்று உடைந்தால் கீழே வரிசையாகப் போகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, அந்த அளவுக்கு எந்தக் கரையும் கட்டப்பட்டதில்லை. ஆனால் நம் பக்கம் பல கரைகள் உடைவதற்கு 95 செ.மீ. தேவைப்படுவதில்லை. கலுங்கில், அதாவது உபரித் தண்ணீர் வழிகிற கல் கட்டில், மூட்டை அடுக்கியிருந்தாலே போதும்.

கலுங்கின் மேல் நட்டிருக்கிற கற்களுக்கு நடுவே பலகையும் மண்ணும் வைத்து அரை அடி, ஒரு அடி கூடுதலாகத் தேக்குவது பழைய வழக்கம். பெரியவர்கள் அதைச் செய்தார்கள், மழை கறுத்தால் எடுக்கவும் செய்தார்கள். இப்போது அடுக்குகிறவர் ஒருவர், எடுக்க வேண்டியவர் யார் என்றே தெரியாது. ஊர் முடிவாக எழுதுங்கள்: அக்டோபர் 1 முதல் டிசம்பர் கடைசி வரை கலுங்கில் ஒரு மூட்டைகூடக் கிடையாது. அதன் பிறகு வைத்தாலும் எடுக்கிறவரின் பெயர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 2021 ஜனவரியில் அறுப்புக்கு நின்ற நெல்லைச் சாய்த்த மழையை மறந்துவிடக் கூடாது.

தண்ணீர் ஏறும்போது எல்லோருக்கும் மடையைத் திறக்கத் தோன்றும். மடை பாசனத்துக்கான சின்ன ஓட்டை. வெள்ளத்தைக் கடத்த அதால் ஆகாது, கீழே பயிரை மூழ்கடிப்பதுதான் மிச்சம். வெள்ளத்துக்கு வழி கலுங்குதான். அதனால் கலுங்குக்குக் கீழே மறுகால் ஓடையில் ஆக்கிரமிப்பும் கருவேலமும் இல்லாமல் வைப்பது கரையைப் பலப்படுத்துவதைவிட முக்கியம்.

கரையை ஆவணியில் நடந்து பாருங்கள். எலிவளை, நண்டுவளை கண்டால் வாயில் மண்ணைத் தள்ளி மூடாதீர்கள். உள்ளே பொந்து அப்படியே இருக்கும். வளை முடிகிற இடம் வரை வெட்டித் திறந்து, ஈரக் களிமண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு இடித்து நிரப்ப வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், அழுத்தினால் தண்ணீர் கசியக் கூடாது. அதுதான் இடிக்கிற பதம். கரைமேல் நிற்கிற சீமைக்கருவேலத்தை ஐப்பசியில் வேரோடு பிடுங்க வேண்டாம். பிடுங்கிய குழி வழியாகவே தண்ணீர் பாயும். மழைக்காலத்தில் தரைமட்டமாக வெட்டி விடுங்கள், வேரைச் சித்திரையில் எடுத்து மண் இடித்து மூடுங்கள்.

மழை நாளில் கரையின் பின்பக்க அடிவாரத்தைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் கசிந்தால் குறித்துக்கொண்டு கவனித்துக்கொண்டிருங்கள். கலங்கலாக, மணல் கொப்பளித்து வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். மடைக் கட்டுமானமும் மண்கரையும் சேருகிற ஓரத்தில்தான் இது அதிகம் வரும். அப்போது மூட்டையைத் திணித்து வாயை அடைத்தால், தண்ணீர் இரண்டடி தள்ளி இன்னும் வேகமாகக் கிளம்பும். அடைக்காமல், கொப்பளிக்கிற இடத்தைச் சுற்றி ஒரு மீட்டர் விட்டத்தில் மண்மூட்டையால் கிணற்று உறை மாதிரி வளையம் கட்டுங்கள், இரண்டடி உயரம். உள்ளே தண்ணீர் ஏற ஏற அதன் கனமே ஊற்றை அழுத்தும். மேலே ஒரு பக்கம் வழிய வாய் விடுங்கள். வருகிற தண்ணீர் தெளிந்துவிட்டால் வளையம் போதும். கலங்கல் நிற்கவில்லையென்றால் இன்னும் இரண்டு வரிசை உயர்த்துங்கள்.

ஒரு வளையத்துக்கு நூறு மூட்டை கையில் வேண்டும். ஊருக்கு ஐந்நூறு சாக்கு, இருபது மண்வெட்டி, நான்கு தார்ப்பாய், பத்து டார்ச். சாக்கைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். வயிறு முட்ட நிரப்பிய மூட்டை உருளையாக நிற்கும், இடுக்கில் தண்ணீர் போகும். பாதி மூட்டை அமுங்கி ஒட்டிக்கொள்ளும். செங்கல் மாதிரி இணைப்பு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதியுங்கள். மண்ணை எங்கிருந்து வெட்டுவது என்பதையும் முன்பே குறியுங்கள். ராத்திரியில் அவசரத்துக்குக் கரையின் அடிவாரத்திலேயே வெட்டி, அங்கேயே உடைப்பு எடுக்கிற கதை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

எப்போது எதைத் தொடங்குவது

வானிலை மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 6.45 முதல் 11.55 செ.மீ. வரை கனமழை, 20.44 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை மாவட்டவாரியாக வரும். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டத்தில் கிடக்கின்றன. உங்கள் வரத்துக்கால்வாய் எந்த மாவட்டத்திலிருந்து வருகிறதோ, அந்த மாவட்டத்தின் எச்சரிக்கையும் உங்களுடையதுதான். டிஎன்-அலர்ட், சாசெட் செயலிகளை ஐந்து பேர் போனிலாவது வைத்திருங்கள்.

நிறத்தை மட்டும் பார்த்தால் தவறு வரும், கண்மாய் மட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். கண்மாய் கால்வாசி நிற்கும்போது ஆரஞ்சு வந்தால் அது நல்ல செய்தி, மழைமானியைப் பார்த்துக்கொண்டிருங்கள். நிறைய இன்னும் இரண்டடி இருக்கும்போது ஆரஞ்சு என்றால் இருவர் இருவராகக் கரைக்காவல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டம் எழுதுவது. ஏற்கெனவே கலுங்கு எடுத்து ஓடும்போது ஆரஞ்சு வந்தால் அதைச் சிவப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கரைக்குக் கீழே இருக்கிற வீடுகள் வெளிச்சம் இருக்கும்போதே இடம் மாற வேண்டும், ராத்திரிக்குத் தள்ளக் கூடாது. மேல்கண்மாய்க்காரரின் போன் நம்பர் உங்களிடமும், உங்கள் நம்பர் கீழ்க்கண்மாய்க்காரரிடமும் இருக்கணும். கலுங்கு எடுத்தால் ஒரு போன், கசிவு கலங்கினால் ஒரு போன். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய் நீர்வளத் துறையுடையது, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். எந்த அலுவலகத்துக்குச் சொல்வது என்று அந்த நேரத்தில் தேடக் கூடாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

புயலுக்குக் கூடுதலாக ஒன்று. 2018 நவம்பர் 16இல் கரை கடந்த கஜா, புதுக்கோட்டைத் தென்னந்தோப்புகளைப் படுக்கவைத்ததோடு மின்கம்பங்களையும் சாய்த்தது. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, காவிரிக் கூட்டுக் குடிநீரும் இல்லை. புயல் எச்சரிக்கை வந்த அன்றே டேங்க் ஆபரேட்டர் மேல்நிலைத் தொட்டியை நிரப்பி வால்வை மூட வேண்டும். 30,000 லிட்டர் தொட்டி, 600 பேருக்கு ஆளுக்கு 15 லிட்டர் கணக்கில் மூன்று நாளைக்கு மேல் வரும். வால்வைத் திறந்தே விட்டால் அன்று சாயங்காலமே காலி. ஜெனரேட்டர் வாடகைக்காரரிடம் புரட்டாசியிலேயே வாடகை பேசுங்கள். தண்ணீர் வடிந்த பிறகு கிணறுகளுக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர்; 4 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர் உள்ள கிணற்றில் 37,680 லிட்டர், அதற்கு 94 கிராம். வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். பழைய பவுடரில் வீரியம் இருக்காது, ஆகவே பருவத்துக்குப் பருவம் புதிதாக வாங்குங்கள்.

பூட்டிய வீடுகள்

வேறெந்த ஊர்க் கையேட்டிலும் இருக்காத பிரச்சினை இது. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும், சொந்தக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். முற்றத்துச் சலதாரை இலைச் சருகால் அடைத்துக்கொண்டால், நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் இறங்குகிற தண்ணீர் வளவில் குளம் கட்டும். சுண்ணாம்புச் சுவர் ஊறி, மழை விட்ட மூன்றாம் நாள் வெயிலில் விழும், பக்கத்துச் சந்தில் நடக்கிறவர் மேல். சாவி யாரிடம் என்று வீட்டுவாரியாகப் பட்டியல் எடுங்கள். புரட்டாசியில் ஒரு நாள் எல்லா வீட்டுச் சலதாரையும் திறந்து பார்க்கப்படட்டும். சந்துப் பக்கச் சுவர் வெளியே தொப்பை தள்ளியிருந்தால் அந்தச் சந்தை மழைக்காலம் முழுக்க மூடுங்கள்.

பூட்டாத பெரிய வீடுகளில் தனியாக இருக்கிற பெரியவர்கள் இன்னொரு பட்டியல். கர்ப்பிணிகள், படுக்கையில் இருப்பவர்கள், டயாலிசிஸ் போகிறவர்கள் எல்லோரும் ஒரே தாளில். கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் சேர்ந்து எழுதினால் ஒருவரும் விடுபட மாட்டார்கள். ஆளுக்கு ஒரு பெயர் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். “யாராவது பார்த்துக்கொள்வார்கள்” என்று எழுதாதீர்கள். உயர்ந்த திண்ணையும் பெரிய ஹாலும் உள்ள வீட்டைத் தங்குமிடமாகக் கொடுக்க முன்வருகிறவர்களிடம் சாவி, கழிப்பறை, சமையலறை எதெல்லாம் திறக்கப்படும் என்று எழுதி வாங்குங்கள். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்த மரபு என்று சொல்கிறவர்கள் வீட்டை இவ்வளவு மேடாகக் கட்டியதற்கு இதைவிட நல்ல பயன் இருக்க முடியாது.

பணம்

மகமை நமக்குப் புதிதல்ல. வியாபாரத்தில் ஒரு பங்கைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கியதுதான் அது. நகரத்தாருக்குப் (செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாருக்கு) புள்ளி வரி, அதாவது மணமான தம்பதிக்கு ஒரு புள்ளி; மற்ற ஊர்களில் தலைக்கட்டு வரி. அதே வழியில் தலைக்கட்டுக்கு 300 ரூபாய் என்றால் 150 தலைக்கட்டுக்கு 45,000. சாக்கு, பிளீச்சிங் பவுடர், டீசல், கரைக்காவலுக்குச் சாப்பாடு எல்லாம் இதில் அடங்கும். இது திருவிழாக் கணக்கோடு கலக்காத தனிக் கணக்காக, மகளிர் குழுக் கூட்டமைப்பின் வங்கிக் கணக்கில் இருப்பது நல்லது. குறி தாண்டினால் கூட்டம் இல்லாமலே இருவர் கையெழுத்தில் எடுக்கலாம், ஏழு நாளில் கணக்கு ஒட்ட வேண்டும் என்று தீர்மானம் எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறவர் ஐப்பசி, கார்த்திகையில் ஊரில் இருப்பவராக இருக்கட்டும். கௌரவத்துக்காக வெளியூர்ப் பெரியவரைப் போட்டால் அவர் வருகிற வரை டீசல் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிற பணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தியக் குடியுரிமையோடு வெளியே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் எவ்வளவு நம்மவராக இருந்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை; அதற்குரிய பதிவு இல்லாத சங்கம் வாங்கக் கூடாது. அப்படிப்பட்டவர்களிடம் பதிவுள்ள அறக்கட்டளை வழியாகத் தரச் சொல்லுங்கள்.

அரசுப் பணத்தில் மாநிலப் பேரிடர் நிதியின் 20 சதவீதம் தணிப்பு வேலைகளுக்கு என்று பதினைந்தாவது நிதிக்குழு ஒதுக்கியது. அது மாவட்ட அளவில் திட்டமாகப் போகும் பணம். கலுங்கு பழுது, மறுகால் ஓடை போன்றவற்றை மதிப்பீட்டோடு கிராம சபைத் தீர்மானமாக்கி ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பினால்தான் பட்டியலில் ஏறும். உதவிக்கு வரும் அமைப்புகள், செஞ்சிலுவைச் சங்கம், கோயில் டிரஸ்ட், ரோட்டரி யாராக இருந்தாலும் யாருக்கு என்ன தேவை என்று எழுதிய ஒற்றைத் தாளையே கொடுங்கள். இல்லாவிட்டால் மெயின் ரோட்டு ஊருக்கு மூன்று லாரித் தார்ப்பாய் வரும், இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற காலனிக்கு ஒன்றும் போகாது.

பொங்கல் முடிந்த வாரம் சாக்கை எண்ணுங்கள். பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் கிடந்தால் சில மாதத்திலேயே தூளாகும்; மண்ணைக் கொட்டி, உதறி, காயவைத்து, எலி ஏறாத பரணில் கட்டுங்கள். கிழிந்தது எத்தனை, புதிதாக வாங்க வேண்டியது எத்தனை என்பதை ஜனவரி 26 கிராம சபையில் படிக்கிற கணக்கின் முதல் வரியாக எழுதிவிடுங்கள்.